மோகனூருக்குப் போன ஏழு டேங்க்

"ஐயோ... எம் புருசனக் கொன்னு உள்ள போட்டு மூடிட்டாங்களே!"

மாரக்காளின் அலறலில் மோகனூரே கூடிவிட்டது.

1938. கருப்பண்ணனின் கொல்லைப்புறம். கழுத்து வரை மண்ணில் புதைந்த ஏழு சிமென்ட் செப்டிக் டேங்குகள். எல்லா மூடியையும் காற்றுப் புகாமல் பூசியிருந்தார்கள்.

அவள் புருஷன் செங்கோடன், கருப்பண்ணனின் பண்ணையாள். நாலு நாளாக ஆளைக் காணோம்!

சப்-இன்ஸ்பெக்டர் பாலசுந்தரம் பிரம்பால் ஒரு மூடியைத் தட்டினார்.

"கடைசியா எங்கம்மா பாத்தே?"

"இதுக்குள்ளதானுங்க எறங்குனாரு சாமி! பொழுது சாய மூடிப் பூசிட்டாங்க!"

"யோவ் கருப்பண்ணா, தொறய்யா!"

"வேண்டாமுங்க! உள்ள பூரா கக்கூஸுங்க! ஊரே நாறிப் போயிருமுங்க!"

கான்ஸ்டபிள்கள் இருவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு பத்தடி பின்வாங்கினார்கள். திருடனுக்கு அஞ்சாத காக்கிச்சட்டை... கக்கூஸுக்கு அஞ்சியது!

பாலசுந்தரம் அசரவில்லை. டேங்க் விற்ற ஆளையே சேலத்திலிருந்து கூட்டி வந்திருந்தார்.

ரஹமத்துல்லா. ஜில்லா முழுக்கச் செப்டிக் டேங்க் மொத்த வியாபாரம். மேட்டூர் குவார்ட்டர்ஸுக்கெல்லாம் டேங்க் இறக்கியவர். இப்போது அவருக்கு ஒரே கவலை. தன் டேங்க்கில் பிணம் கிடைத்தால் அப்புறம் எவன் வாங்குவான்?

"பாய், உங்க டேங்க்தானே?"

"என்னுதுதாங்க. ஒரே வீட்டுக்கு ஏழு! அப்பவே உறுத்துச்சு. டேங்க் வாங்கறவங்க கக்கூஸ் பீங்கானும் குழாயும் சேர்த்துத்தான் வாங்குவாங்க. இவரு ரெண்டும் வேண்டாம்னுட்டாரு!"

கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றி வந்த ரஹமத்துல்லா திகைத்து நின்றார்.

"ஏங்க கருப்பண்ணன்... உங்க வீட்டுல கக்கூஸ் எங்கே?"

"ஊட்டுலயா? சீச்சீ! எங்க சனம் பூரா வாய்க்கா மேட்டுக்குத்தானுங்க போகும்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பாலசுந்தரம் மீசையைத் தடவினார்.

"அப்ப உள்ளே இருக்கறது அது இல்லே. பொணம்தான்! தூக்குய்யா உனக்கு!"

கருப்பண்ணனின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. வாயைத் திறந்தால் ஜெயில். திறக்காவிட்டால் கயிறு! பாவம், இந்த இக்கட்டு பகையாளிக்கும் வரக் கூடாது.

தடாலென்று காலில் விழுந்தான்.

"பொணம் இல்லீங்க சாமி! சாராயமுங்க! ஏழும் சாராயமுங்க!"

ஜில்லாவில் மதுவிலக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது!

கடப்பாரை பாய்ந்தது. மூடி பெயர்ந்தது.

குப்பென்று வாசனை! பத்தடி பின்வாங்கிய கான்ஸ்டபிள்கள் இருபதடி முன்னால் வந்தார்கள்.

"செங்கோடன் எங்க போனான்னு சத்தியமா எனக்குத் தெரியாதுங்க!"

"எனக்குத் தெரியும்." பாலசுந்தரம் சிரித்தார். "நாலு நாளா என் லாக்கப்புல உக்காந்து சோறு தின்னுட்டு இருக்கான்!"

கருப்பண்ணன் காலை விட்டு எழுந்து உட்கார்ந்தான்.

"மூணு தடவை சோதனைக்கு வந்தோம். கக்கூஸ்னு சொல்லியே எங்க ஆளுங்களை விரட்டிட்டே. கொலைன்னு சொன்னாத்தானே நீயே சாராயம்னு கத்துவே? யோசனை மாரக்காளோடது!"

மாரக்காள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அலறல்தான் பொய். கண்ணீர் நிஜம்.

"எம் புருசன் கூலி பூரா இந்தாளு சாராயத்துக்கே போச்சுங்க. புள்ளைங்க பட்டினி... சாமி, அந்த மனுசன இன்னும் நாலு நாளைக்கு உள்ளயே வெச்சுக்கங்க!"

விலங்கு பூட்டினார்கள். கருப்பண்ணன் ரஹமத்துல்லாவிடம் மெல்ல முனகினான்.

"ஏனுங்க பாய்... ஜெயிலுக்குள்ள வாய்க்கா மேடெல்லாம் இருக்குமுங்களா?"

"இருக்காதுங்க. அங்கே செப்டிக் டேங்க்தான். நம்ம சப்ளைதான்!" ரஹமத்துல்லா அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். "பழக்கதோஷத்துல மூடியைத் தொறந்து டம்ளரை மட்டும் விட்டுடாதீங்க!"