கதவுக்கு மேலே ஒரு கண்ணாடி

புதுக் கண்ணாடியில் யாரோ மூச்சு விட்ட தடம் இருந்தது.

கடைக்குப் பின்னாலிருந்த வீட்டில், உள்ளறைக் கதவுநிலைக்கு மேலே சுவரை வெட்டி, தச்சு வேலை பாஸ் நேற்றுத்தான் பொருத்திவிட்டுப் போன சின்ன ஜன்னல் அது. பெட்டி மேல் பெட்டி அடுக்கி ஏறினாலொழிய கடைக்காரர் செல்வநாயகத்துக்கே எட்டாது. அவர் நின்ற பக்கத்தில் வெள்ளையாகப் படிந்திருந்த அந்த வட்டம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருங்கி மறைந்தது. பதுளைப் பனி எதில்தான் ஏறாது என்று சொல்லிக்கொண்டார். அரிசியில் வண்டு கண்ட வியாபாரி சொல்லிக்கொள்ளும் சமாதானம்.

உள்ளே அவர் மனைவி விசாலாட்சி பிள்ளை பெற்றுக் கிடந்தாள். முன்பு பிறந்த இரண்டும் தங்கவில்லை. தீட்டுக் கழியும்வரை கதவைத் திறந்து போட்டால் காற்றுக் கருப்பு நுழையும் என்று மருத்துவச்சி பூவம்மா சொல்லியிருந்தாள். சாம்பிராணிப் புகையில் பிள்ளை திணறுகிறதே என்றுதான் அவர் சுவரை வெட்டச் சொன்னார்.

“கதவ மூடச் சொன்னா, அதுக்கு மேல ஓட்ட போட்டுட்டீங்களே மொதலாளி!” என்றாள் பூவம்மா.

“கதவு மூடித்தானே இருக்கு? வாக்குத் தவறல பாரு,” என்று சிரித்தார்.

இன்று அந்தியில் பூவம்மா பிள்ளையைத் தவிட்டுக்கு வாங்க வருவாள். முன்பிறந்தவை தங்காத வீட்டுப் பிள்ளையை ஒரு முறம் தவிட்டுக்கு அடுத்தவருக்கு விற்றுவிட்டால், எமன் அந்நியப் பிள்ளை என்று விட்டுவிடுவான். பிறகு திருப்பி வாங்கி வளர்க்கலாம். எமனையே ஏய்க்கிற வியாபாரம் என்று செல்வநாயகத்துக்கு உள்ளூரப் பெருமை. கதவைத் திறக்காமல், உள்ளே விசாலாட்சியும் வெளியே பூவம்மாவும் பெட்டிகள் மேல் ஏறி நின்று, மேல் ஜன்னல் வழியாகவே பிள்ளையைக் கைமாற்றுவதாக ஏற்பாடு.

நமுனுகுலை மலைப் பக்கமிருந்து இறங்கிய பனி கடைவீதியை ஒவ்வொரு பலகையாக விழுங்கிக்கொண்டு வந்தது. கருவாடும் மண்ணெண்ணெயும் ஈரச் சாக்கும் கலந்த கடை வாடைக்கு அடியில், அழுகிய பூவின் வாடை ஒன்று மெல்லக் கிளம்பியது. தூரத்தில் வந்துகொண்டிருந்த மாட்டுவண்டிச் சலங்கை சட்டென்று நின்றது. கம்பளி போர்த்திய உருவம் உள்ளே வந்து மேசைமேல் முறத்தை வைத்தது.

“வந்துட்டியா? குடுத்தாச்சு, குடுத்தாச்சு. இனி ஒம் புள்ளதான். உள்ள போய் வாங்கிக்க,” என்றார், பருப்பு அளந்தபடி, தலை நிமிராமல்.

கம்பளி அவரைக் கடந்து போனது. காலடிச் சத்தம் கேட்கவில்லை.

ஜன்னல் சட்டம் கிறீச்சிட்டது. “எட்டுதா பூவம்மா? கெட்டியா புடிச்சுக்க,” என்றாள் விசாலாட்சி உள்ளேயிருந்து.

வாசலில் மூச்சிரைப்பு.

“கோவிச்சுக்காதீங்க மொதலாளி. பாலத்துல வண்டி கவுந்து கெடக்கு, சுத்திக்கிட்டு வாறேன்.”

பூவம்மா. இடுப்பில் முறம். முறம் நிறையத் தவிடு.

அவர் கை மேசைமேலிருந்த முறத்துக்குள் போனது. எந்தச் சரக்கையும் தேய்த்துப் பார்க்கிற விரல்கள். தேய்த்தன. தவிடில்லை. சாம்பல். இன்னும் சூடு ஆறாத சாம்பல்.

ஓடினார்.

கதவு மூடியபடியே இருந்தது. பெட்டிகள் சுவரோரம் கிடந்தன. யாரும் அடுக்கவில்லை. மேலே ஜன்னல் திறந்து ஆடியது.

“என்னங்க,” என்றாள் விசாலாட்சி கதவுக்கு அந்தப் பக்கம். “பூவம்மா ஏன் பேச மாட்டேங்குறா? புள்ளைக்குப் பசிக்கும். சீக்கிரம் திருப்பி வாங்கிக் குடுங்க.”

அவர் அண்ணாந்து பார்த்தார்.

தலைக்கு மேலே, கூரைமரத்து இருட்டில், பிள்ளை சிணுங்கியது. அதைச் சுற்றியிருந்த பழஞ்சேலையின் முனை கீழே தொங்கியது. எட்டினார். நுனி விரலில் பட்டது.

நழுவியது.

கடையில் துணி அளப்பதுபோல, முழம் முழமாக, அவசரமே இல்லாமல், சேலை மேலே போய்க்கொண்டிருந்தது.