அடுத்த சர்வீஸ்... ஒரு வருடம் கழித்து!

ட்ரிங்... ட்ரிங்...

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றே கால். கிளைவ் ஆர்மராய்டின் வீட்டில் டெலிபோன் அலறியது.

பாய்லர் வேலைக்குக் கூப்பிடுவதை விட்டால், அந்த வீட்டில் டெலிபோன் அடிப்பதே ஒரு அதிசயம். மனைவி டோரீன் கண்ணை மூடி நாலு வருடம் ஆகிறது. மகன் ஆஸ்திரேலியாவில். கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை கூப்பிடுவான். அதுவும் பின்னால் யாரோ சாப்பிடக் கூப்பிடும் வரைக்கும்தான்.

கிளைவுக்கு ஐம்பத்தொன்பது வயது. குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லர்களுக்கு மெக்கானிக். சமையலறைத் தொட்டி ஓரம் நின்று தன் அனலைசரைத் துடைத்துக்கொண்டிருந்தார். கையில் அடங்குகிற கருவி. பாய்லரின் புகைக்குழாய்க்குள் அதன் மூக்கை நுழைத்தால், எத்தனை விஷ வாயு வருகிறதென்று எண்ணில் சொல்லிவிடும். அதற்கு உபசாரமும் அதிகம். அடியில் இருக்கும் சின்னக் குப்பியில் தேங்கும் தண்ணீரைக் கொட்ட வேண்டும், வடிகட்டியை மாற்ற வேண்டும், வருடா வருடம் அனுப்பி வைத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். டோரீனைக்கூட அவர் இவ்வளவு கவனித்ததில்லை. அதை நினைத்து அவரே பல நாள் நொந்ததுண்டு.

ரிஸீவரை எடுத்தார்.

"மிஸ்டர் ஆர்மராய்டா? டிடெக்டிவ் இன்ஸ்பெக்டர் ஹேசல் கிராப்ட்ரீ பேசறேன். பெக் லேன் பதினாலாம் நம்பர் வீட்டு பாய்லரைப் பாக்கறது நீங்கதானே?"

"ஆமா... மிஸஸ் சக்டன் வீடு. என்னாச்சு?"

"சமையலறையில விழுந்து கிடந்தாங்க. கார்பன் மோனாக்சைடு. உங்க மெஷினை எடுத்துக்கிட்டு உடனே வாங்க."

கிளைவின் கையிலிருந்த குப்பி தொட்டியில் விழுந்து உருண்டது.

"உயிரு... இருக்கா?"

"இருக்கு. நினைவுதான் இல்ல. இப்ப வர்றீங்களா, கார் அனுப்பவா?"

---

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் அன்றைக்கும் மழை. எங்கள் ஊரில் மழை ஒரு குடும்ப உறுப்பினர் மாதிரி, சொல்லாமல் வரும், கிளம்பவே கிளம்பாது.

வேனை ஓட்டிக்கொண்டிருந்த கிளைவ் பழகின திருப்பத்தையே தவறவிட்டார். காரணம், செவ்வாய்க்கிழமை.

அனலைசரை எப்போதும் வீட்டுக்கு வெளியே, சுத்தமான காற்றில்தான் ஆன் செய்ய வேண்டும். ஒரு நிமிடம் அது அந்தக் காற்றை இழுத்து, 'இதுதான் பூஜ்யம்' என்று மனதில் பதித்துக்கொள்ளும். விஷக் காற்று நிரம்பிய அறைக்குள் ஆன் செய்தால் அந்த விஷத்தையே பூஜ்யம் என்று நம்பிவிடும். தட்டில் எடைக்கல்லை வைத்துக்கொண்டே தராசு முள்ளை நடுவில் நிறுத்துகிற கதைதான்.

முப்பது வருடமாக கிளைவ் இதில் தவறியதே இல்லை. செவ்வாய்க்கிழமை தவறினார். மழையில் வாசலில் நின்றவரைப் பார்த்து, வினிஃப்ரெட் சக்டன் கதவைத் திறந்துகொண்டு, நனையாம உள்ள வாங்க மிஸ்டர் ஆர்மராய்ட் என்று முதுகைத் தொட்டு உள்ளே கூட்டிப்போய்விட்டாள். முதுகை ஒருவர் தொட்டு எத்தனை நாளாயிற்று! மனுஷன் உருகிப்போய் சமையலறைக்குள்ளேயே மெஷினை ஆன் செய்தார். ஆனால் சர்வீஸ் ஃபாரத்தில், 'வெளியே பூஜ்யம் செய்யப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டார்.

அந்த ஒரு டிக் அவளைக் கொன்றுவிடுமா?

---

பதினாலாம் நம்பர் வீட்டின் எல்லா ஜன்னல்களும் திறந்து கிடந்தன. கேஸ் கம்பெனி ஆட்கள் வந்து இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

வாசலில் ஹேசல். நாற்பதைத் தாண்டிய, தூக்கம் போதாத முகம். யாரையும் 'கண்ணு' என்று கூப்பிடுவாள். கைவிலங்கு மாட்டும்போதும் அப்படித்தான் கூப்பிடுவாள் என்று ஊரில் பேச்சு.

கிளைவ் மழையிலேயே நின்று அனலைசரை ஆன் செய்தார்.

"உள்ள வாங்க கண்ணு, நனையறீங்க."

"ஒரு நிமிஷம் மேடம். இதை வெளியிலதான் ஆன் பண்ணணும்."

"செவ்வாய்க்கிழமையும் வெளியிலதான் பண்ணீங்களா?"

சும்மா கேட்ட கேள்வி. கிளைவ் நினைத்திருந்தால் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மழை, உள்ளே கூப்பிட்டது, டிக், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டார்.

ஹேசல் புருவத்தை உயர்த்தினாள். "அப்ப உங்க ரீடிங்கை நம்ப முடியாது."

"அதைத்தான் நானும் பாக்கணும்..."

மெஷினின் நினைவகத்தைத் திறந்தார். வேலை முடிந்ததும் பம்ப் ஓடிக்கொண்டிருக்க, மெஷினை வெளியே எடுத்துப் போய் உள்ளே தங்கிய புகையை ஊதி வெளியேற்றுவது அவர் வழக்கம். செவ்வாய்க்கிழமையும் செய்திருந்தார். வெளிக்காற்றின் ரீடிங் பதிவாகியிருந்தது.

பூஜ்யம்.

"சமையலறையில விஷம் இருந்திருந்தா, வெளிய வந்ததும் இது மைனஸ்ல காட்டியிருக்கும். காட்டல. அன்னிக்கு பாய்லர் ஒழுங்காத்தான் இருந்திருக்கு மேடம்..."

நாலு நாள் பாரம் இறங்கின மாதிரி மூச்சு விட்டார். பாவம், சீக்கிரம் விட்டுவிட்டார்.

"நல்லது." ஹேசல் தலையாட்டினாள். "அப்ப இது தற்செயல் இல்ல. வாங்க, ஒண்ணு காட்டறேன்."

வீட்டின் பின்சுவர். முழங்கால் உயரத்தில் புகைக்குழாயின் வாய். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் கரி பிடித்துச் சுருண்ட பச்சைக் கம்பளி உருண்டை.

"இதை யாரோ குழாய்க்குள்ள திணிச்சிருக்காங்க. உள்ள இருக்கறது முப்பத்தஞ்சு வருஷத்துப் பாய்லர். வெளிய போக வழியில்லாத புகை கதவிடுக்கு வழியா சமையலறையில நிறைஞ்சிருக்கு. காலையில ஒன்பது மணிக்கு மேல. விஷ வாயு அலாரம் கத்தியிருக்கு, ஆனா அந்தம்மா காது கேக்கற மெஷினை மாட்டல. வாசல்ல நின்ன தபால்காரர் சத்தம் கேட்டு கதவை உடைச்சிருக்காரு. பத்து நிமிஷம் லேட்டாயிருந்தா கதை முடிஞ்சிருக்கும்."

ஹேசலின் பார்வை கிளைவின் கழுத்துக்குப் போனது. அங்கே ஒரு மஃப்ளர்.

அதே பச்சை.

"எங்க வாங்கினீங்க?"

"வாங்கல... மிஸஸ் சக்டன் பின்னிக் கொடுத்தாங்க. கிறிஸ்துமஸுக்கு."

"நான் சொன்னேன்ல!"

வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல். வினிஃப்ரெட்டின் அண்ணன் மகன் டெரிக் லம்ப். அத்தையை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டு இந்த வீட்டை விற்க வேண்டுமென்று இரண்டு வருடமாக நச்சரிப்பவன். ஆனால் செய்தி கேட்டு வரும்வரை லீட்ஸ் நகரத்தில் ஆபீஸ் கூட்டத்தில் இருந்திருக்கிறான். பன்னிரண்டு பேர் சாட்சி.

டெரிக் அத்தையின் பிஸ்கட் டப்பா ஒன்றை நீட்டினான். உள்ளே அனலைசர் துப்பிய சின்னச் சின்னச் சீட்டுகள். ஹேசல் எண்ணினாள். ஒரே வருடத்தில் இருபத்து மூன்று!

"வருஷத்துக்கு ஒரு தடவை பாக்கற பாய்லரை இந்த ஆளு இருபத்து மூணு தடவை பாத்திருக்காரு. போன வாரம் தெருவுல வச்சே கேட்டேன், எங்க அத்தைகிட்ட என்னய்யா உனக்கு வேலைன்னு. இனிமே காரணமில்லாம வரக் கூடாதுன்னு சொன்னேன். அந்தக் கடுப்பு."

கிளைவ் அந்த டப்பாவையே பார்த்தார். பாய்லர் முனகுது என்று வினிஃப்ரெட் போன் செய்வாள். போய்ப் பார்த்தால் முனகாது. டீ இருக்கும், இஞ்சி கேக் இருக்கும். சும்மா போனால் நன்றாயிருக்காதே என்று மெஷினையும் ஒரு தடவை ஓட்டிச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். காசு வாங்கியதில்லை. இதை எந்த ஃபாரத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஹேசல் சீட்டுகளை வெளிச்சத்தில் பிடித்தாள். சூட்டில் அச்சாகும் தாள். பழையவற்றில் எண்களெல்லாம் வெளிறி மறைந்துவிட்டன. ஆனால் ஓரத்தில் வினிஃப்ரெட் பென்சிலில் எழுதியது மட்டும் அழியவில்லை.

"'ரெண்டு கப் டீ குடித்தார்.' 'டோரீனைப் பற்றிப் பேசினார்.' 'இன்று சிரித்தார்.'" கடைசிச் சீட்டில் அவள் குரல் மெதுவானது. "செவ்வாய்க்கிழமை. 'பாய்லர் நன்றாக இருக்கிறதாம். அடுத்த சர்வீஸ் ஒரு வருடம் கழித்துத்தானாம்.'"

கிளைவ் தரையைப் பார்த்தார். டெரிக்குக்குப் பயந்து அவர் சொன்ன வார்த்தைதான் அது.

"காலையில ஒன்பது மணிக்கு எங்க இருந்தீங்க கண்ணு?"

"வீட்ல."

"கூட யாரு?"

"யாருமில்ல."

"போன்ல யார்கிட்டயாவது பேசினீங்களா? பக்கத்து வீடு? கடைசியா யார்கிட்ட பேசினீங்க?"

கிளைவ் நிஜமாகவே யோசித்தார். "புதன்கிழமை... கடையில. பை வேணுமான்னு கேட்டாங்க. வேணாம்னேன்."

தனியாக இருப்பவனுக்கு ஊரில் சாட்சி கிடையாது. இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை, ஆனால் எல்லா ஸ்டேஷனிலும் உண்டு.

ஹேசல் சமையலறை மேஜையைக் காட்டினாள். அப்போதுதான் சுட்ட இஞ்சி கேக். இரண்டு தட்டு. இரண்டு கோப்பை.

"அந்தம்மா யாரையோ எதிர்பார்த்திருக்காங்க. இந்த வீட்டுக்கு டீ குடிக்க வர்றது ஒரே ஒரு ஆளுதான். வந்தீங்க, சண்டை, பின்பக்கம் போய் அடைச்சீங்க. தப்புன்னா சொல்லுங்க."

கிளைவ் மேஜையைப் பார்த்தார். தட்டு... கோப்பை... நடுவில் டீபாட்.

மேலே ஒன்றும் போர்த்தாத வெறும் டீபாட்.

அவர் முகம் மாறியது. ஏதோ சொல்ல வாய் திறந்தார். பிறகு, பாய்லர் வால்வை மூடுகிற மாதிரி, இறுக்கி மூடிக்கொண்டார்.

"சொல்லுங்க."

"சொல்றதுக்கு ஒண்ணுமில்ல மேடம்."

"பத்து வருஷம் உள்ள இருப்பீங்க. தெரியுதா?"

"தெரியுது."

"கிளைவ் ஆர்மராய்ட்... கொலை முயற்சிக்காக உங்களைக் கைது பண்றேன் கண்ணு."

அந்த நேரம் பார்த்து ஹேசலின் செல்போன் அடித்தது. கேட்டாள். போனை இறக்கினாள்.

"ஆஸ்பத்திரியிலேருந்து. கண் முழிச்சிட்டாங்களாம். முழிச்சதும் கேட்ட முதல் கேள்வி, மிஸ்டர் ஆர்மராய்ட் வந்தாச்சா."

---

வினிஃப்ரெட் சக்டன், எழுபது வயது, ஆக்சிஜன் முகமூடிக்குப் பின்னால் இன்னும் சின்னதாகத் தெரிந்தாள். கிளைவ் கதவருகேயே நின்றுவிட்டார். பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள்.

ஹேசல் அவள் காதருகே குனிந்தாள். "யாரு இதைச் செஞ்சது? பயப்படாம சொல்லுங்க."

வினிஃப்ரெட் முகமூடியை நகர்த்தினாள்.

"நான்தான்."

ஹேசல் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"என்னம்மா சொல்றீங்க? உங்க பாய்லரை நீங்களே..."

"அவர்தான் சொல்லியிருக்கார். புகை போற வழி அடைச்சா பாய்லர் தானா நின்னுடும்னு. நின்னா போன் பண்ணலாம். வந்துதானே ஆகணும்? சூடு குறையாம இருக்க டீபாட் மேல போடற கம்பளிக் குல்லாதான் கைக்குக் கிடைச்சுது. அதைத் திணிச்சிட்டு, கேக்கை எடுத்து வச்சிட்டு உக்காந்தேன்." மூச்சு வாங்கினாள். "ஒரு வருஷம்னு சொல்லிட்டாரே. ஒரு வருஷத்துக்கு நான் யார்கிட்ட பேசறது?"

கிளைவ் ஒரு அடி முன்னால் வந்தார். "மிஸஸ் சக்டன்... நான் சொன்னது பக்கத்து வீட்டுப் புது பாய்லரைப் பத்தி. உங்களோடது பழசு. அது நிக்காது. உயிரை எடுத்துட்டுத்தான் நிக்கும்."

ஹேசல் மெதுவாகத் திரும்பினாள். "மேஜையைப் பாத்ததுமே உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு இல்ல? ஏன் சொல்லல?"

"சொன்னா... இவங்களுக்குப் புத்தி சரியில்லைன்னு டெரிக் முதியோர் இல்லத்துல சேர்த்துடுவான் மேடம். எனக்கென்ன, என்னை உள்ள போட்டா வீட்ல தேடறதுக்கு யார் இருக்கா?"

ஹேசல் நோட்டை மூடினாள். ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தாள். பிறகு, கம்பளி காற்றில் பறந்து வந்து குழாயில் சிக்கிக்கொண்டது, விபத்து, என்று எழுதினால் யார் கேட்கப்போகிறார்கள் என்று பொதுவாகச் சொன்னாள். கான்ஸ்டபிளும் ஜன்னலைப் பார்த்தான்.

கிளைவ் கட்டிலருகே வந்தார். தொப்பியைத் திருகிக்கொண்டே நின்றார்.

"உங்க பாய்லருக்கு இணைப்பைத் துண்டிச்சாச்சு. இனிமே அந்த வீட்ல நான் வந்து பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல மிஸஸ் சக்டன்."

அவள் கண் நிறைந்தது. "அப்ப... வர காரணமே இல்ல."

"இல்ல." தொண்டையைச் செருமினார். "காரணமில்லாம வரலாமான்னு கேக்கத்தான் நிக்கறேன். மெஷின் இல்லாம... ஞாயித்துக்கிழமை."

வினிஃப்ரெட் வெகுநேரம் அவரைப் பார்த்தாள். அந்த மனுஷனின் உயிர் அந்தப் பார்வையில் தொங்கியது. பிறகு அவள் ஹேசலின் கையிலிருந்த பிளாஸ்டிக் பையைக் காட்டினாள்.

"வாங்க கிளைவ். ஆனா வரும்போது இந்தப் பொண்ணுகிட்ட அந்தக் குல்லாவைக் கேட்டு வாங்கிட்டு வந்துடுங்க... டீ ஆறிடும்!"