ஒன்பது முழக் கச்சை

விடிந்து கொஞ்ச நேரத்தில் ஃபிர்மினா பழைய படைக்கொட்டடிக்கு வந்து சேர்ந்தாள். ஜூலை இரண்டு, விடுதலை நாள். பாகியா நகரம் முழுக்க ஊர்வலத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. அவள் கையில் இறந்துபோன கணவன் ஓனோஃப்ரேயின் சுவாவோ படை உடுப்பு: தொளதொளத்த சிவப்புக் கால்சட்டை, குஞ்சம் வைத்த தொப்பி, ஒன்பது முழக் கச்சை.

அல்ஜீரியக்காரன் உடுப்பைப் பிரெஞ்சுக்காரன் போட்டான். அவனைப் பார்த்து பாகியாவின் கறுப்பு இளைஞர்கள் அதையே போட்டுக்கொண்டு பராகுவே போருக்குப் போனார்கள். பலர் திரும்பவில்லை. அவர்களை நினைத்துத்தான் வருடாவருடம் இந்த வேஷம்.

கச்சையைத் தனியாகக் கட்ட முடியாது. ஒருவர் முனையை இழுத்துப் பிடிக்க, கட்டுகிறவர் சுழன்று சுழன்று அவரிடமே வந்து சேர வேண்டும். பதினோரு வருடம் ஓனோஃப்ரேக்கு முனையைப் பிடித்தவள் ஃபிர்மினாதான். போன வருடம் மட்டும் சண்டை.

"வீட்ல கூரை ஒழுகுது, தொரைக்குக் குஞ்சம் கேக்குதோ? சன்னல் கம்பியில கட்டிக்கிட்டுச் சுத்து, போ," என்று சொல்லிவிட்டாள். மறுநாள் மீன்பிடிக்கப் போனவனின் உடல்கூடக் கரைக்கு வரவில்லை. அந்தச் சொல் அவள் நெஞ்சை அறுத்துக்கொண்டே இருந்தது.

"நான் பிடிக்கட்டுமாம்மா?" குழுத்தலைவர் பெல்மீரோ கதவருகே நின்று கேட்டார்.

"வேணாம்ணே. அவரு கட்டிக்கிட்ட மாதிரியே நானும் கம்பியில கட்டிக்கிறேன்."

அவர் பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார்.

அறையில் பூஞ்சை வாடை. அவள் ஒரு முனையைக் கம்பியில் முடிந்து, மறுமுனையை இடுப்பில் வைத்துச் சுழன்றாள்.

முதல் சுற்று.

கம்பியில் முடிச்சு நழுவியது. தன் கண்ணாலேயே பார்த்தாள்.

கச்சை தொய்யவில்லை.

கம்பிக்கு இந்தப் பக்கம், இடுப்பளவு உயரத்தில், முனை அந்தரத்தில் விறைத்து நின்றது.

கத்த வாய் திறந்தவள் நிறுத்திக்கொண்டாள். கத்தினால் பெல்மீரோ ஓடி வந்துவிடுவார். இன்னும் மூன்று சுற்று இருந்தது. ஒவ்வொன்றும் அவளை அந்த முனையிடம் கொண்டு சேர்க்கும்.

கண்ணை மூடிக்கொண்டு சுழன்றாள். உப்பும் மீனும் கலந்த வாடை வந்தது.

இன்னொரு சுற்று. கன்னத்தில் குளிர்ந்த மூச்சு.

"நானே பிடிச்சிருக்கணும்," என்று கிசுகிசுத்தாள். "மன்னிச்சிருய்யா."

கடைசிச் சுற்று.

சில்லிட்ட விரல்கள் முனையை அவள் இடுப்பில் செருகின, அவள் அவனுக்குச் செருகும் அதே இறுக்கத்தோடு. கண் திறந்தபோது அறையில் யாருமில்லை.

ஊர்வலம் முடிந்து எல்லோரும் உடுப்பைக் கழற்றினார்கள். ஃபிர்மினா கழற்றாமலே வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். கச்சையை அவிழ்ப்பதென்றால், பிடித்தவர் முனையோடு பின்னால் பின்னால் நகர்ந்து போக வேண்டும்.

இடுப்பில் முனை மெல்ல இழுபட்டது.

அவள் அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"இரு. இன்னும் கொஞ்ச நேரம்."

இழுப்பு நின்றது.