ஏழாம் எண் பூட்டு

மரச்சில்லை எரித்து மின்சாரம் எடுக்கும் அந்த ஆலைக்குக் காலை ஷிஃப்டுக்கு வந்த தாணுமாலையன், பைக்கை நிறுத்திவிட்டு நேரே கிடங்குக்குள் போனான். ஈர ரப்பர் மரத்தின் புளித்த நாற்றம் மூக்கைப் பிடித்தது. கழக்கூட்டம் நெடுஞ்சாலையின் இரைச்சல் உள்ளே போகப்போக அடங்கிப்போனது.

தொட்டியின் அடியில் ஓடிச் சில்லைக் கொதிகலனுக்குக் கொண்டுபோகும் பெல்ட்டின் சுவிட்சில் ஒரு சிவப்புப் பூட்டு தொங்கியது. எண் ஏழு.

சுஜினின் பூட்டு.

சில்லுத் தொட்டிக்குள் இறங்குகிறவன் தன் எண் போட்ட பூட்டைச் சுவிட்சில் மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். மேலே வந்து அவனேதான் கழற்ற வேண்டும். அதுவரை பெல்ட் ஓடாது. சுஜின் மறதிக்காரன். பூட்டைக் கழற்றாமலே டீ குடிக்கப் போய்விடுவான். பத்து மாதத்துக்கு முன் ஒருநாள், அன்றும் அப்படித்தான் என்று நினைத்த தாணுமாலையன் பூட்டை வெட்டிவிட்டுப் பெல்ட்டை ஓட்டினான்.

சுஜின் உள்ளேதான் இருந்தான்.

வெட்டிய பூட்டைக் கொதிகலன் நெருப்பில் போட்டுவிட்டு, விசாரணையில் "பூட்டே இல்ல சார்" என்றான். பூட்டு மாட்டாமல் இறங்கியது செத்தவன் தப்பு என்று எழுதி மூடினார்கள். சுஜினின் மனைவி அஜிதாவும் அதையே நம்பினாள். அன்றிலிருந்து தாணுமாலையனுக்குச் சோறும் மண்ணும் ஒன்றுதான். இப்போது அந்தப் பூட்டைப் பார்த்தும் நெஞ்சு படபடக்கவில்லை.

வாக்கிடாக்கியில் ஷிஃப்ட் என்ஜினியர் ரெம்யாவின் குரல் வந்தது. "தாணு அண்ணே, பாய்லர்ல பிரஷர் இறங்குது, கேட்டியளா. பெல்ட்டை ஓட்டுங்கோ."

மறுபடி வெட்டக் கை வரவில்லை. வாக்கிடாக்கியை வைத்துவிட்டு, தன் நான்காம் எண் பூட்டையும் பக்கத்தில் மாட்டித் தொட்டிக்குள் இறங்கினான்.

இருட்டு. காலடியில் சில்லு வெதுவெதுப்பாக இருந்தது.

"சுஜினே," என்றான் மெல்ல.

யாரோ கால் மாற்றி நின்றதைப் போலச் சில்லு சரிந்தது.

மேலே 'டக்'.

பூட்டு வெட்டுகிற சத்தம். அவனுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்.

ஏணியைப் பிடித்தபடி நின்றான். ஓடித் தப்பக்கூடத் தோன்றவில்லை.

பெல்ட் அசையவில்லை.

மேலே ஏறியபோது ரெம்யா கட்டருடன் வெளிறிப்போய் நின்றாள். நான்காம் எண் பூட்டு தரையில் துண்டாகக் கிடந்தது.

"அண்ணே, உள்ளயா நின்னிய? கூப்பிட்டேன், பதில் இல்ல. பூட்டை மறந்துட்டுப் போயிட்டியன்னு நினைச்சு வெட்டிட்டேன். சுவிட்ச்தான் திரும்பல."

"இன்னொரு பூட்டு கிடக்குல்லா."

"ஒண்ணுதானே இருந்துது."

அவன் கண்ணுக்கு ஏழாம் எண் இருவருக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கும் இருந்துது மேடம். சுஜின் மாட்டியிருந்தான். நான்தான் வெட்டினேன்." பத்து மாதத்தில் முதல்முறையாக அவனுக்குப் பயம் வந்தது.

ரெம்யா கட்டரைக் கீழே வைத்தாள்.

"அஜிதாட்ட சொன்னியளா?"

"இல்ல."

மதியம் எலக்ட்ரீஷியன் வந்து சுவிட்சைப் பிரித்துப் பார்த்தான். ஒரு பழுதும் இல்லை என்றான்.

சுவிட்ச் அப்போதும் திரும்பவில்லை.