துடைத்து வைத்த குட்டி

பஞ்சு வெள்ளையாகவே திரும்பி வந்தது.

சண்முகவடிவு அதை இன்னொரு முறை வெந்நீரில் தோய்த்துப் பிழிந்தாள். இடது உள்ளங்கையில் குப்புறக் கிடந்த பூனைக்குட்டியின் வாலைச் சுண்டுவிரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கீழ்வீட்டு டோரதி டீச்சர் சொல்லிக் கொடுத்தபடியே மெல்ல மெல்ல ஒற்றி எடுத்தாள். ஒரு சொட்டு மஞ்சள்கூட இல்லை. காலையில் இப்படித் தொட்ட மாத்திரத்தில் பீச்சியடித்து அவள் சேலையை நாறடித்த குட்டி இது. பாப்பாவைக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, தூளியில் போட்டு ஆட்டியதில் இதன் வேளை தப்பிவிட்டது. ஐயோ, பசியில் செத்திருக்குமே என்று பதறிக்கொண்டு அடுக்களைக்கு ஓடி வந்தால், அதன் வயிறு கொழுக்கட்டை மாதிரி உருண்டிருந்தது. பால் நிரப்பிய இங்க் ஃபில்லரை வாயில் வைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வாலடி சுத்தமாக, ஈரமாக இருந்தது. முதுகு முடியெல்லாம் ஒரே பக்கமாகப் படிந்திருந்தது.

யாரோ பால் கொடுத்து, யாரோ துடைத்து வைத்திருக்கிறார்கள். மாடிக் கதவோ உள்தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது.

பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் ஒரு கூடமும் அடுக்களையும் சேர்ந்த வீடு அது. வடிவின் புருஷன் கணேசமூர்த்தி உஸ்மான் சாலையில் தன் மாமாவின் ஜவுளிக்கடையில் இருந்தான். தீபாவளி வியாபாரம் சூடு பிடித்திருந்ததால் அவன் வீடு வந்து சேரும்போது தெரு அடங்கியிருக்கும். திருச்செந்தூர்ப் பக்கம் தாய்வீட்டில் பிரசவம் முடித்துக் கைப்பிள்ளையோடு வந்து இறங்கிய வடிவுக்கு இந்த ஊரில் பேச்சுத் துணை என்று டீச்சர் ஒருத்திதான். வந்த சில நாளிலேயே பாப்பாவுக்கு இளைப்பு கண்டது. மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். வீட்டில் வந்து படுத்துக் கிடந்த சாம்பல் நிறப் பூனையின் மயிர்தான் காரணம் என்று கணேசமூர்த்தி அடித்துச் சொன்னான்.

அவன் ஊர்ப்பக்கத்தில் பூனையை அடிக்க மாட்டார்கள். பாவம் என்பார்கள். சாக்கில் கட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டு விட்டுவிடுவார்கள். தண்ணீர் தாண்டினால் பூனைக்கு வழி மறந்துபோகும் என்பது கணக்கு. ஆக, அவன் ஒரு துண்டு கருவாட்டைக் காட்டிப் பூனையைப் பிடித்து, கடையில் துணி பேல் வந்த சணல் சாக்கில் போட்டு, கோணி ஊசியால் வாயைத் தைத்து, கடைக்குச் சரக்கு இழுக்கும் ரிக்‌ஷாக்காரர் பஞ்சாட்சரத்திடம் கொடுத்தான். அடையாற்றுக்கு அந்தால் விட்டுவிடும்படி சொல்லி அனுப்பினான். அதன் மடியைப் பார்க்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த வடிவுக்கும் தோன்றவில்லை. அதுதான் அவளை இப்போதும் அறுத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் பரணிலிருந்து சத்தம் கேட்டது. மூன்று குட்டிகளில் இரண்டு விறைத்துவிட்டிருந்தன. மூன்றாவது கண் திறக்காமல் வாயைத் திறந்து கத்திய கத்தலில் வடிவின் ரவிக்கை தானாக நனைந்துபோயிற்று. அதற்கப்புறம் அதை எங்கே விடுவது?

டீச்சர் வாழ்நாளெல்லாம் பூனை வளர்த்தவள். "மல்லாத்திப் போட்டு ஊத்திடாதடி, மூச்சுல ஏறிக்கும். குப்புற வச்சு, சொட்டு சொட்டா வுடு. பால்ல பாதிக்குப் பாதி வெந்நி. குடிச்சு முடிச்சா பஞ்சால தொடைக்கணும். இந்த வயசுல அதுக்குத் தானா ஒண்ணுக்குக்கூட வராது. தாய் நக்கி வுட்டாத்தான் வரும். நீ தொடைக்கலேன்னா வயிறு உப்பிச் செத்துப்பூடும்," என்றாள். வடிவும் பனியன் டப்பாவில் பழந்துணி பரப்பி, மருந்து பாட்டிலில் வெந்நீர் ஊற்றிப் பக்கத்தில் வைத்து, பாப்பா ஒரு பக்கம் இது ஒரு பக்கம் என்று அல்லாடினாள். பூனைக்குப் பீ மூத்திரம் அள்ளவா என்னைக் கட்டிக் கொடுத்தார்கள் என்று தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள்.

இன்று சிரிப்பு வரவில்லை. படியில் இறங்கிக் கேட்டாள்.

"டீச்சர், நீங்க மேல வந்தீயளா? குட்டிக்குப் பால் குடுத்தீயளா?"

"நா எங்கேர்ந்து வர்றது? முட்டி வலியில படியே ஏறலியே. தாய் வந்திருக்கும் வடிவு. எத்தினி மைலு தள்ளி வுட்டாலும் வந்துடும், கள்ளப் பூனைங்க. வுடு, உனக்கு வேலை மிச்சம்."

வடிவுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. வந்துவிட்டதா, மகராசி! செய்த பாவம் கழிந்தது என்று ஒரு கிண்ணத்தில் பாலும் சோறும் பிசைந்து ஜன்னலோரம் வைத்தாள். இரவு வந்த கணேசமூர்த்தியும், "தாய்ப்பூன பாத்துக்கிடும்னா நல்லதுதான? கண்ணு முழிச்சதும் ரெண்டையும் எங்கயாவது விட்டுருவோம்," என்று சொல்லிவிட்டுத் தலை சாய்த்தான்.

கிண்ணத்துச் சோறு அப்படியே இருந்து எறும்பு மொய்த்தது. மறுநாளும் அப்படித்தான். ஆனால் குட்டியின் வயிறு ஒவ்வொரு வேளையும் நிறைந்திருந்தது. பஞ்சு ஒவ்வொரு வேளையும் வெள்ளையாகவே திரும்பியது. அடைமழை பிடித்துக்கொண்டு பகலிலேயே விளக்குப் போடவேண்டியிருந்த அந்த நாட்களில், ஈர விறகும் சாம்பிராணியும் பால் வாடையும் கலந்து கிடந்த வீட்டுக்குள் புதிதாக ஒரு நாற்றம் நுழைந்தது. நனைந்த சணலும் ஆற்றுச் சேறும் சேர்ந்த வாடை. அவள் மூலை முடுக்கெல்லாம் கழுவிவிட்டாள். கழுவின ஈரம் காய்ந்த பிறகும் அது அப்படியே நின்றது. பாப்பாவைத் தூங்கப் பண்ணிவிட்டுக் கண்ணயரும்போது, அடுக்களைத் தரையில் கனமான ஈரத்துணியை யாரோ கொஞ்சம் இழுப்பதும் நிறுத்துவதும் மறுபடி இழுப்பதுமாகச் சத்தம் வந்தது. எழுந்து போனால் ஒன்றும் இராது. மனப்பிரமை, தூக்கம் கெட்ட கிறுக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டு திரும்பிவிடுவாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் திட்டிக்கொள்ளவில்லை. சத்தம் வந்ததும் அடிமேல் அடி வைத்துப் போய்க் கதவிடுக்கில் பார்த்தாள்.

டப்பாவுக்குள் குட்டி மட்டும்தான் இருந்தது. அது தானாகப் புரண்டது. வயிறு மேலே வந்தது. பின்னங்கால்கள் இரண்டும் அகன்றன. பிறகு அதன் அடிவயிற்று முடி, கீழிருந்து மேலாக, கோடு கோடாக நனைந்தது. ஒரு கோடு. பக்கத்தில் இன்னொன்று. சளக், சளக் என்று சொரசொரத்த நாக்கின் சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் குட்டியின் உடம்பு இடித்து இடித்து ஆடியது. சத்தம் நின்றது. குட்டி வாயைத் திறந்து காற்றைக் கவ்வியது. குடிக்கத் தொடங்கியது.

தூளியிலிருந்து பாப்பாவை வாரிக்கொண்டு வடிவு மாடிப்படியில் வந்து விழுந்தபோது, கீழே பஞ்சாட்சரம் ரிக்‌ஷாவை நிறுத்திவிட்டு, கடையிலிருந்து கொடுத்தனுப்பிய அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னா தங்கச்சி, மூஞ்சி பேயறஞ்சாப்ல கீது?"

"அண்ணாச்சி, அந்தப் பூனைய எங்க விட்டீய?"

அவர் மூட்டையைத் திரும்ப இறக்கினார். தலைமுண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். சைதாப்பேட்டை பாலத்தாண்ட போவசொல்லோ மூட்டை அசையல. தையல பிரிச்சுப் பாத்தா, உசுரு பூட்ச்சு. தார்பாய்க்குக் கீழ போட்டனா, மூச்சு முட்டிக்கிச்சு போல. மடி ரெண்டு பக்கமும் பால் கட்டிக்கினு கீது தாயி. குட்டி போட்டதுன்னு அப்பத்தான் எனக்கே தெரியும். இன்னா பண்றது? சாக்கோட ஆத்துல எறக்கிட்டேன்."

மழை ரிக்‌ஷாவின் கூண்டில் சடசடத்தது. வடிவு பாப்பாவின் தலையை முந்தானையால் மூடினாள். அவளுக்கு அப்போது ஒரே ஒரு எண்ணம்தான் ஓடியது. என் பிள்ளை இருக்கிற வீட்டில் அது வேண்டாம். அதற்கு வேண்டியது அதன் குட்டி. குட்டி போனால் அதுவும் போய்விடும்.

"அந்தக் குட்டிய எடுத்துட்டுப் போயிருங்க அண்ணாச்சி. புண்ணியமாப் போகும். இப்பவே."

பஞ்சாட்சரத்துக்குத் தயக்கம்தான். ஆனாலும் அவள் கும்பிட்டதைப் பார்த்து மனசு இளகிவிட்டது. அவரே மாடியேறிப் பனியன் டப்பாவை எடுத்து வந்தார். ஃபில்லரையும் பஞ்சையும் எப்படிப் பிடிப்பது என்று வடிவு படியில் நின்றபடி கையாட்டிக் காட்டினாள். மணியடித்துக்கொண்டு ரிக்‌ஷா சந்து திரும்பியதும், அவள் மேலே போய், டப்பா இருந்த இடத்தை மஞ்சள் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். சணல் வாடை குறைந்த மாதிரி இருந்தது. சூடாக ஒரு வாய் காப்பி போட்டுக் குடித்தாள். எவ்வளவு நிம்மதி!

மறுநாள் முழுக்க அந்த நிம்மதி இருந்தது. இழுபடும் சத்தமில்லை. பாப்பாவும் பாலுக்குக்கூட அழாமல், இளைப்பில்லாமல் தூங்கினாள். சாயங்காலம் துவைக்கிற துணியை எடுக்கத் தூளிக்குக் கீழே வைத்திருந்த வாளியைப் பார்த்தபோதுதான் வடிவு நின்றுவிட்டாள்.

வாளியில் ஒரு துணிகூட இல்லை.

நாளெல்லாம் நனைத்துத் தள்ளுகிற பிள்ளை. மழைக்குக் காயாமல் கொடி நிறையத் துணி தொங்குகிற வீடு. காலையில் கட்டிய அதே இடுப்புத்துணி இன்னும் இடுப்பில் இருந்தது. தொட்டாள். காய்ந்து கிடந்தது. அவிழ்த்தாள்.

தொடையிடுக்கெல்லாம் சுத்தமாக இருந்தது. ஈரமாக இருந்தது. மென்மையான அந்தத் தோலில், கீழிருந்து மேலாக, சொரசொரப்பான எதையோ வைத்துத் தேய்த்த சிவப்புக் கோடுகள் இருந்தன.

"ஐயோ, எம் பிள்ள!"

மார்பில் போட்டாள். பாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வயிறு உருண்டு இறுகியிருந்தது. வடிவின் மார்போ காலையிலிருந்து கட்டிக் கல்லாகி வலித்துக்கொண்டிருந்தது. பாப்பாவின் வாயை முகர்ந்து பார்த்தாள். தன் பால் வாடை இல்லை. ஆற்றுச் சேறு.

குட்டியைக் கொடுத்தனுப்பியிருக்கக் கூடாது. அந்தத் தாய்க்கு இந்த வீட்டில் இப்போது மிச்சமிருப்பது ஒரு பிள்ளைதான்.

பாப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கீழே ஓடினாள். டீச்சர் வீடு பூட்டிக் கிடந்தது; ஜெபமாலைக்குக் கோயிலுக்குப் போயிருப்பாள். சந்தில் முழங்கால் தண்ணீர் ஓடியது. இந்தக் கொட்டுகிற மழையில், இளைப்புக்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உஸ்மான் சாலை வரை எப்படிப் போவது? மேலே வந்தாள். ஓட வேண்டியிருக்குமே என்று வாசல்கதவைத் திறந்தே வைத்தாள். எல்லா விளக்கையும் போட்டு, கூடத்து நடுவில் பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். புருஷன் வருகிறவரை எழுந்திருக்கவே கூடாது.

சணல் வாடை எழுந்தது.

"ஒம் பிள்ள இங்க இல்ல, தாயி," என்றாள், யாரையும் பார்க்காமல். "பஞ்சாட்சரம் அண்ணாச்சி வீட்ல இருக்கு. கோடம்பாக்கம் பாலத்துக்குக் கீழ குடிசை. அங்க போயிரு. நாங்க தெரியாமச் செஞ்சிட்டோம். இது என் பிள்ள. என் பிள்ளைய விட்ரு."

மின்சாரம் போயிற்று.

இருட்டு. மழை. அடுக்களைப் பக்கம் அந்த இழுபடும் சத்தம். கொஞ்சம் இழுத்தது. நின்றது.

பாப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சுவரைத் தடவித் தடவிச் சிம்னி விளக்கை எடுத்தாள். ஒரு கையால் தீக்குச்சி கிழிக்க முடியவில்லை. நமுத்துப்போன பெட்டி. பாயில் பிள்ளையைக் கிடத்தி, அதன் காலைத் தன் காலால் தொட்டுக்கொண்டே கிழித்தாள். அணைந்தது. இன்னொன்று. அணைந்தது. இன்னொன்று பிடித்துக்கொண்டது. திரியில் வைத்தாள்.

காலடியில் வெறும் பாய்.

"பாப்பா!"

அழுகை இல்லை. ஆனால் சத்தம் இருந்தது. மடக், மடக் என்று விழுங்குகிற சத்தம். கட்டிலுக்கு அடியில்.

குனிந்து விளக்கை நீட்டினாள். சுவரோரம் பாப்பா குப்புறக் கிடந்தாள். இன்னும் தலை நிற்காத பிள்ளை தலையை நிமிர்த்தி வைத்திருந்தாள். வாய் அகலத் திறந்து எதையோ கவ்வியிருந்தது. எதிரே ஒன்றுமில்லை. கடைவாயில் பால் வழிந்தது. இரண்டு குட்டிக் கைகளும் காற்றில் மாறி மாறி அமுக்கின. வலது. இடது. வலது. இடது.

வடிவு கையை நீட்டினாள். ஒன்றுமில்லாத இடத்திலிருந்து சீறல் வந்தது. புறங்கையில் நான்கு கோடுகள் கிழிந்து ரத்தம் துளிர்த்தது. அவள் கையை எடுக்கவில்லை. "குடுத்துரு," என்று அழுதாள். "குடுத்துரு, தாயி."

விழுங்குகிற சத்தம் நின்றது.

பாப்பாவின் பிடரித் தோல் மெதுவாகக் கொத்தாகச் சுருங்கி மேலே எழும்பியது. தலை தொய்ந்தது. கைகால்கள் நான்கும் வயிற்றோடு மடங்கிக்கொண்டன. அழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, நிம்மதியாக, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஆடி ஆடி, அவளைத் தாண்டித் திறந்து கிடந்த வாசலை நோக்கிப் பாப்பா போய்க்கொண்டிருந்தாள்.