அலறும் காரும் ஒரு ரெக்சின் பையும்

கார் முதலில் ஆம்புலன்ஸ் மாதிரி ஊளையிட்டது. அப்புறம் வாத்து மாதிரி கத்தியது.

காருக்குள் மல்லாந்து படுத்து, உள்கூரைக்குத் துணி ஒட்டிக்கொண்டிருந்த பூவிழியின் அம்மா ஹேமலதா திடுக்கிட்டுக் கையை விட்டாள். பசைத் துணி பொத்தென்று அவள் முகத்தில் விழுந்து ஒட்டிக்கொண்டது.

பூவிழி ஓடிப்போய் உரித்தாள். அம்மாவின் பொட்டு துணியோடு போய்விட்டது.

உழவர்கரையில் ஒரு மாடி வீட்டின் கீழே இருந்த ஷெட்தான் அம்மாவின் கடை. கார்களுக்கு சீட் கவரும் உள்கூரைத் துணியும் மாற்றித் தருவாள். விடுமுறை நாட்களில் பூவிழிக்கு அங்கே நூல் வெட்டும் வேலை.

எதிர் டீக்கடையிலிருந்து கார்க்காரர் ராஜாங்கம் பாய்ந்து வந்தார். பிரான்ஸ் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். தெருவில் அவரை ‘சொல்தா’ என்றால்தான் தெரியும்; பிரெஞ்சில் சிப்பாய் என்று அர்த்தம். பேன்ட்டின் பின்பாக்கெட்டிலிருந்து ரிமோட்டை உருவி, துப்பாக்கி மாதிரி நீட்டி அழுத்தினார். கார் அடங்கியது.

“நான் மட்டும் இல்லேன்னா என்னாவறது?” என்றார், தெருவுக்கே கேட்கும்படி.

அலாரம் அவரே தனியாக வாங்கிப் பொருத்தியது. அதில் ஏகப் பெருமை. வேலை முடியும்வரை ரிமோட்டைக் கொடுங்கள் என்று அம்மா கேட்டதற்கு, அதைக் கொடுத்தால் காரையே கொடுத்த மாதிரி என்று மறுத்துவிட்டார். பேட்டரி வயரைக் கழற்றியும் பார்த்தாள் அம்மா. அலாரத்துக்குள் தனியாக ஒரு குட்டி பேட்டரி இருந்திருக்கிறது. இன்னும் பலமாகக் கத்தியது. பயந்துபோய் வயரை மறுபடி மாட்டிவிட்டாள்.

மாடியிலிருந்து வீட்டுக்கார மாலாம்மா இறங்கி வந்தார். அவர் மகளுக்குப் புதிதாகக் குழந்தை பிறந்திருந்தது.

“ஹேமா, கொழந்த தூக்கிவாரிப் போட்டு எழுந்துக்குது. இன்னொரு வாட்டி இது கத்துச்சுன்னா, கடைய வேற எடத்துல பாத்துக்க.”

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. வேறு இடத்துக்கு எங்கே போவது? செருப்பைக் கழற்றிப்போட்டு, பூனை மாதிரி காருக்குள் ஏறினாள்.

பூவிழி யோசித்தாள். இதற்கு முந்தின தடவை கத்தியபோது அம்மா வெளியே நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். யாருமே காரைத் தொடவில்லை. அப்படியென்றால்?

நிமிர்ந்து எதிரே பார்த்தாள்.

சொல்தா தாத்தா டீக்கடையின் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு, முழங்காலில் கை ஊன்றி, மெல்லக் குனிந்தார். பின்பாக்கெட்டில் ரிமோட் புடைத்துக்கொண்டிருந்தது. அதில் இருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கினாலே கார் அலறும்.

நாற்காலிக்கும் ரிமோட்டுக்கும் நடுவே ஒரு சாண். அரைச் சாண்.

“தாத்தா, உட்காராதீங்க!”

தாத்தா பாதியில் அப்படியே நின்றார். டீக்கடையே திரும்பிப் பார்த்தது.

“ஏன்?”

பூவிழிக்குப் பதில் வாய்வரை வந்தது. ஆனால் இத்தனை பேர் முன்னால் சொன்னால் தாத்தாவைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்களே.

“துணி புடிக்க ஒசரமான ஆள் வேணும் தாத்தா. ரொம்ப நேரம் நிக்கணும்.”

“நிக்கறதா? பட்டாளத்துல நிக்காத நிலையா?” நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். கார்க் கதவோரம் விறைப்பாக நின்று, இரண்டு கையாலும் துணியைப் பிடித்தார். அம்மா புரியாமல் விழித்தாலும் வேலையைத் தொடர்ந்தாள். கூரை சுருக்கமில்லாமல் ஒட்டியது.

அதற்குள் பூவிழி மீந்த ரெக்சினில் சின்னப் பை ஒன்று தைத்து, கழுத்தில் மாட்ட நாடாவும் வைத்துவிட்டாள்.

“ரிமோட்டுக்கு, தாத்தா.”

“மெர்சி, பாப்பா,” என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். “பாக்கெட் இருக்கறப்ப பை எதுக்கு?”

பூவிழி அவர் காதருகே எட்டி, மெதுவாகச் சொன்னாள். தாத்தாவின் கை தானாகப் பின்பக்கம் போனது. மீசை துடித்தது. நேராக மாடிப்படி ஏறினார்.

“மாலா, ஹேமா மேல தப்பில்ல. வண்டியக் கத்த வச்சவன் நான்தான்.” எதை வைத்துக் கத்த வைத்தார் என்பதையும் சொன்னார்.

மாலாம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குழந்தை எழுந்துவிடப் போகிறதே என்று முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டார். கடையைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சே இல்லை. ஹேமாவை நிதானமா வேலை பாக்கச் சொல்லுங்க என்று மட்டும் சைகையோடு சொல்லி அனுப்பினார்.

தாத்தா ரிமோட்டைக் கழுத்துப் பையில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குத் திரும்பினார். முதலில் பாதி உட்கார்ந்தார். காரைப் பார்த்தார். பிறகு முழுசாக உட்கார்ந்தார்.

“ஒரு டீ குடுப்பா,” என்றார், யாருக்கும் கேட்காத குரலில்.