அம்மா யார் பக்கம்?

சண்முகப்ரியாவுக்கு நேற்று பார்த்த சினிமாவின் மேல் ஒரே எரிச்சல். அந்தப் பையனின் அப்பாவும் அம்மாவும் உளவாளிகளாம். அதற்கு முன்பு அவர்கள் யார், எந்தப் பக்கம் என்று கடைசிவரை சொல்லவே இல்லை. பறந்து பறந்து சண்டை மட்டும் போட்டார்கள்.

யோசிக்க யோசிக்க எரிச்சல் பயமாகிவிட்டது. தன் வீட்டிலும் அப்படித்தானே என்று அவளுக்குத் தோன்றியது. கணபதி என்ற ஊரில் இருந்த அவர்கள் வீட்டில் அப்பா அம்மாவின் கல்யாணப் படமே கிடையாது. கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்டால், சோறு ஆறுகிறது என்பாள் அம்மா பொற்கொடி. லேத் பட்டறைக்குப் போகும் அப்பா ரவிக்குமார் உடனே வண்டிச் சாவியைத் தேடுவார். சாவி அவர் கையிலேயே இருக்கும்.

அன்று மாலை அம்மா துணி எடுக்கும் சாக்கில் மொட்டை மாடிக்குப் போய், போனில் மெதுவாகப் பேசினாள். "அவருக்குத் தெரிஞ்சா வம்பாயிருமுங்க. பஸ் ஸ்டாப்புக்கே வந்துருங்க."

படிக்கட்டில் நின்ற ப்ரியாவின் காதில் அது விழுந்துவிட்டது. சினிமாவில் அந்த அம்மா ஒருநாள் வீட்டை விட்டே போய்விடுவாள். கடைக்குத்தான் என்று கிளம்பிய அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு, தானும் வருவேன் என்று ப்ரியா அடம்பிடித்தாள்.

பஸ் ஸ்டாப்பில் ஒருவர் அம்மாவிடம் சின்ன டப்பா ஒன்றைக் கொடுத்தார். உள்ளே ப்ரியாவின் கைக்குழந்தைத் தம்பிக்குக் குட்டிக் கம்மல். அவர் அம்மாவின் அண்ணன் அன்புமணி, கருமத்தம்பட்டியில் தறி ஓட்டுகிறவர். அப்பா அம்மா கல்யாணம் அவருக்குப் பிடிக்கவில்லையாம். அன்று அப்பாவோடு முட்டிக்கொண்டதிலிருந்து இருவருக்கும் இன்றுவரை பேச்சில்லை.

"அப்பாகிட்டச் சொல்லிப்போடாதே கண்ணு," என்றாள் அம்மா.

ஆக, இப்போது ப்ரியாவும் உளவாளி. சொன்னால் அம்மாவுக்குத் துரோகம், மறைத்தால் அப்பாவுக்கு. அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தபோதும் அவள் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை தம்பிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள். அப்பாவோ, தானே மடியில் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

யாரையும் காட்டிக்கொடுக்காமல் ஒன்று கேட்கலாமே என்று ப்ரியாவுக்குத் தோன்றியது.

"நீங்க தம்பிக்கு மாமன் இல்லீங்களேப்பா. அவனுக்கு மாமன் வேணாமுங்களா?"

அப்பா தட்டைத் தள்ளி வைத்தார். அம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. கேட்டிருக்கவே கூடாது என்று ப்ரியாவுக்கு அழுகை முட்டியது.

"உங்கண்ணன் நம்பர் என்ன, பொற்கொடி?"

அம்மா பதற்றத்தில், போனைப் பார்க்காமலேயே நம்பரைக் கடகடவென ஒப்பித்துவிட்டாள். பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லாத்தான் மறைச்சிருக்கறே," என்றபடி எண்களை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ப்ரியா அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மச்சானுங்களா? நான் ரவி பேசறேனுங்க," என்றார் அப்பா. "ஞாயித்துக்கிழமை உங்க மடி வேணுமுங்க."